ஒளி சுமக்கும் ரேந்தை

லேஸ் என்று நாம் வழங்கும் பின்னல் வேலைக்குத் தமிழில் ரேந்தை என்ற பெயரும் உண்டு. போர்ச்சுகீசியரின் 'ரெண்டா' என்னும் சொல் கடற்கரை வழியாக நம் மொழிக்குள் புகுந்து ரேந்தை ஆயிற்று. ஆடையின் ஓரத்திலும், தலையணை உறையிலும், தேவாலயப் பீடத்தின் விரிப்பிலும் காணப்படும் இப்பொருளைத் துணி என்பதா, வலை என்பதா என்ற ஐயம் எழுவது இயல்பே. துணியில் நூல் நெருங்கி நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் அது குறை. ரேந்தையிலோ இடைவெளியே அழகு. அதற்கு எல்லை கட்டுவதுதான் நூலின் வேலை. சன்னலில் தொங்கும் ரேந்தைத் திரையில் பூவும் கொடியும் நம் கண்ணுக்குத் தெரிவது, அந்த இடைவெளிகளின் வழியே வெளிச்சம் வருவதனால்தான். ஆகவே ரேந்தைக்கும் ஒளிக்கும் உள்ள உறவு பழைமையானது.

அந்த உறவு நம் காலத்தில் மேலும் ஒரு படி முன்னேறியிருக்கின்றது. இடைவெளியின் வழியே ஒளி வருவதற்குப் பதிலாக, நூலின் உள்ளேயே ஒளியை ஓடச் செய்து, அந்த நூலைக் கொண்டே ரேந்தை பின்ன முடியும் என்று கைவினைஞர் சிலர் காட்டியுள்ளனர். அது எப்படி நிகழ்கின்றது, அதன் நுட்பம் யாது, அதனால் உழைப்பவருக்கு என்ன பயன் என்பனவற்றை நேயர்களுக்கு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நூலில் ஒளியை ஏற்ற வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று எழுந்ததன்று. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரிலும் பிளாண்டர்ஸ் நாட்டிலும் ரேந்தைக் கலை வளரத் தொடங்கிய நாட்களிலேயே, வெண்ணிறச் சணல் நூலோடு பொன்னிழையும் வெள்ளியிழையும் சேர்த்துப் பின்னினார்கள். நம் நாட்டுச் சரிகையும் அதே ஆசையின் விளைவுதான். வெள்ளிக் கம்பியை மயிரிழை போல மெல்லியதாக இழுத்து, அதைத் தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசினால் அதுவே சரிகை. ஒரு கிராம் தங்கத்தை 2 கிலோமீட்டருக்கும் மிகுதியான நீளமுள்ள கம்பியாக இழுக்கலாம் என்பர். இவ்வளவு இழைந்து கொடுக்கும் உலோகம் வேறில்லை.

தங்கம் என்றதும் நம் மனம் கோலார் தங்கவயலுக்குச் செல்கின்றது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் மேற்பார்வையில் விரிவடைந்த அச்சுரங்கங்கள், பிற்காலத்தில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கைக்கு வந்து, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து வெளிவந்தது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்களே அச்சுரங்கத் தொழிலாளரில் பெரும்பாலோர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்றது. அந்த ஆழத்திலிருந்து மேலே வந்த தங்கத்திற்கு ஒரு குணம் உண்டு. அது பிறர் தரும் வெளிச்சத்தைத் திருப்பித் தருமேயன்றித் தானாக ஒளி விடாது. விளக்கை அணைத்தால் பொன்னும் கல்லும் ஒன்றே. சரிகையின் பளபளப்பும் இரவல் வெளிச்சத்தின் பளபளப்பே ஆகும்.

ஒளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்லும் வேலை வேறு வகையைச் சேர்ந்தது. அவ்வேலைக்கும் தங்கவயலுக்கும் தொடர்பு உண்டு. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உண்டாக்கிய மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாகப் பயணம் செய்து கோலார் தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் இத்தனை தொலைவு மின்சாரத்தைக் கொண்டு சென்ற ஏற்பாடு ஆசியாவில் வேறெங்கும் இருந்ததில்லை. பின்னர் 1965-ஆம் ஆண்டில் அச்சுரங்கத்தின் அடியில் ஒரு பெரிய விஞ்ஞான ஆராய்ச்சி நடந்தது. நியூட்ரினோ என்னும் அணுவினும் நுண்ணிய துகள்கள், வானத்திலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்குவதால் பிறக்கின்றன. அவற்றின் அடையாளத்தைக் காண்பதற்காக, பம்பாயின் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் 2 கிலோமீட்டருக்கும் மிக்க ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். அக்கருவிகளில் ஒரு பகுதி, தன்னூடே துகள் பாயும்போது மின்னும் ஒருவகைப் பிளாஸ்டிக் பலகை. அப்பலகைக்குள் பிறந்த நுண்ணொளி, பலகையின் சுவர்களில் மோதி மோதி ஓரத்தை அடையும். அங்கே காத்திருக்கும் கருவி அதைக் கண்டுகொள்ளும். தெளிந்த பிளாஸ்டிக்கின் உள்ளே ஒளி சிறைப்பட்டு ஓடும் இந்த இயல்புதான், நாம் பேசப்போகும் ஒளி ரேந்தைக்கும் அடிப்படை.

அந்த இயல்பை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். தெளிந்த குளத்தில் மூழ்கி நேர் மேலே நோக்கினால் வானம் தெரியும். பார்வையைச் சாய்த்துத் தொலைவிலுள்ள நீர்ப்பரப்பை உள்ளிருந்தபடியே நோக்கினால் வானம் மறைந்துவிடும். நீர்ப்பரப்பு நிலைக்கண்ணாடி போல ஆகிக் குளத்தின் அடியையே திருப்பிக் காட்டும். அடர்ந்த பொருளிலிருந்து அடர்த்தி குறைந்த பொருளுக்குள் புக முயலும் ஒளி, மிகவும் சாய்வாக வந்தால் வெளியேற இயலாமல் முழுவதும் உள்ளே திரும்பிவிடுகின்றது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். 1841-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கொலடான் என்பார், பாய்ந்து வளையும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி, நீரோடு ஒளியும் வளைந்து செல்வதைக் காட்டினார். 1854-இல் லண்டனில் டிண்டால் அவர்களும் அதனைப் பொதுமக்கள் முன்னிலையில் செய்து காட்டினார்.

நீர்த்தாரையின் இடத்தில் கண்ணாடி இழையை வைத்தால் அதுவே ஒளியிழை. 1954-ஆம் ஆண்டில், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அவற்றின் வழியே உருவங்களைச் செலுத்திய செய்தியை வெளியிட்டார். 1966-இல் சார்ல்ஸ் காவ் என்பார், கண்ணாடியின் மாசு நீக்கப்பட்டால் நெடுந்தொலைவுக்கும் ஒளியால் செய்தி அனுப்பலாம் என்று நிறுவினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் தொலைபேசிப் பேச்சு கடலடியில் செல்வதும் இவ்விழைகளின் வழியேதான்.

ஒளியிழைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் ஒளி ஓடும் உள்ளிழை. அதனைச் சுற்றி மெல்லிய மேலுறை. கைவேலைக்கு ஏற்ற பிளாஸ்டிக் இழையில், உள்ளிழையின் ஒளிவிலகல் எண் 1.49, மேலுறையின் எண் ஏறத்தாழ 1.40. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள சிறு வேற்றுமையே ஒளியை உள்ளே நிறுத்தி வைக்கும் வேலி. கணக்கிட்டுப் பார்த்தால், இழையின் போக்கிலிருந்து சுமார் 20 பாகைக்குள் சாய்ந்து செல்லும் கதிர்கள் உள்ளேயே தங்கும்; அதற்கு மேல் சாய்ந்தவை சுவரைக் கடந்து வெளியேறிவிடும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இழை நேராக இருக்கும்வரை வேலி காவல் செய்யும். இழையைச் சட்டென்று வளைத்தால், நேராக வந்த கதிர் வளைவின் சுவரில் செங்குத்தாகச் சென்று மோதும், வேலி தோற்கும், ஒளி கசியும். செய்தி அனுப்பும் பொறியாளருக்கு இக்கசிவு பெரும் பகை. கம்பியைப் புதைப்பவர்கள் அதனைக் கூர்மையாக மடக்காமல் பெரிய வட்டமாகவே வளைப்பது இதனாலேயே. ஆனால் ரேந்தை பின்னுபவருக்கு அந்தக் கசிவே செல்வம். நேரான இழை நுனியில் மட்டுமே ஒளிரும். அதன் உடல் இருண்டே இருக்கும். ரேந்தையாகப் பின்னிய இழையோ, எங்கெங்கு வளைகின்றதோ அங்கெல்லாம் ஒளிரும். நெதர்லாந்து நாட்டு வடிவமைப்பாளர் நீல்ஸ் வான் ஐக், 2002-ஆம் ஆண்டில் பழைய ரேந்தை முறையிலேயே ஒளியிழைகளைப் பின்னி ஒரு தொங்கு விளக்கைச் செய்தார். அதில் விளக்குக்குக் கூண்டு வேறு, சுடர் வேறு என்பதில்லை, பின்னலே விளக்காயிற்று.

அந்தப் பழைய முறை நம்மவர்க்குப் புதியதன்று. தெற்கே நாகர்கோவிலில், 1819-ஆம் ஆண்டு வந்து சேர்ந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், சில ஆண்டுகளுக்குள் தம் பள்ளிச் சிறுமியருக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அதே மாவட்டத்து முளகுமூடு கன்னியர் மடமும் இவ்வேலைக்குப் பெயர் பெற்றது. இலங்கையில் காலி, வெலிகம ஆகிய ஊர்களில் இது பீரலு என்னும் பெயரால் வழங்குகின்றது.

வேலையின் முறை வருமாறு. கெட்டியாக அடைத்த திண்டு ஒன்றின்மேல், துளையிட்டு வரைந்த அட்டையைப் பொருத்துவர். அத்துளைகளில் குண்டூசிகளைக் குத்துவர். ஒவ்வொரு நூலும் ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றப்பட்டிருக்கும். கட்டைகளை இரண்டிரண்டாகப் பிடித்து, நான்கு நூல்களைக் கொண்டு ஒவ்வொரு கண்ணியையும் அமைப்பர். பார்வைக்கு எவ்வளவு சிக்கலான ரேந்தையாயினும், அதில் உள்ள அசைவுகள் இரண்டே. ஒன்று, நடு இரு நூல்களில் இடப்பக்கத்து நூலை வலப்பக்கத்து நூலின்மேல் குறுக்கே இடுதல். மற்றொன்று, ஒவ்வொரு இணையிலும் வலப்பக்கத்து நூலை இடப்பக்கத்து நூலின்மேல் முறுக்குதல். நூறு கட்டைகள் இருந்தாலும் இந்தக் குறுக்கும் முறுக்கும் அன்றி வேறில்லை.

பருத்தி நூலுக்கு ஏற்ற இம்முறையை ஒளியிழைக்குப் பொருத்தும்போது சில இடர்கள் தோன்றும். பருத்தி சொன்ன இடத்தில் படிந்து கிடக்கும். பிளாஸ்டிக் இழை விறைப்புடையது, விட்ட இடத்தில் நிமிர்ந்துவிடும். முடிச்சுப் போட்டால் முடிச்சு நில்லாது. இறுக்கினால் இழை முறியும். ஆகவே, முழுவதையும் ஒளியிழையால் பின்ன முற்படுவதைக் காட்டிலும், பருத்தி நூலைக் காவலாகவும் ஒளியிழையை அதன் நடுவே செல்லும் கொடியாகவும் வைத்துக்கொள்வது தொடங்குபவர்க்கு எளிது. பூவிதழின் விளிம்பை எடுத்துக் காட்டுவதற்காகத் தடித்த நூல் ஒன்றை ஓட்டும் பழக்கம் பழைய ரேந்தையிலேயே உண்டு. அத்தடித்த நூலின் இடத்தில் ஒளியிழையை ஓட்ட வேண்டும். கால் மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர் பருமனுள்ள இழை இதற்கு ஏற்றது. பருமன் ஏற ஏற வளையும் திறன் குறையும். சிறு கட்டையில் இறுக்கிச் சுற்றினால் இழையில் மடிப்பு விழுமாதலால், அகலமான உருளையில் தளர்வாகச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

பின்னி முடித்தபின் இழைகளின் முனைகளை வெட்டிவிடலாகாது. அவற்றை ஒரு பக்கமாகத் திரட்டிக் குஞ்சம் போலக் கட்டி, கூரிய அலகால் ஒரே மட்டமாக வெட்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். முனை கரடுமுரடாக இருந்தால் ஒளி நுழையும் வாயிலிலேயே சிதறிப் போகும். அக்குஞ்சத்தின் எதிரே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் போதும். விளக்கு ஓரத்தில் இருக்கும். மின்சாரம் ரேந்தைக்குள் செல்வதே இல்லை. ஆகையால் அதனைக் கையால் தொடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டு செல்லக் கூடாது. இழை சூட்டில் இளகிக் கெடும்.

அடுத்து வருவது ஒளியைப் பங்கிடும் கணக்கு. இதனை நம் வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிடலாம். தலைமடைக்காரர் தாராளமாகத் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்து போகும். ஒளியிழையிலும் அவ்வாறே. விளக்குக்கு அருகிலுள்ள பூக்களில் கூர்மையான வளைவுகளை மிகுதியாக வைத்துவிட்டால், ஒளி அங்கேயே கசிந்து தீர்ந்து, மறுமுனைப் பூக்கள் இருளில் கிடக்கும். தேர்ந்த கை, விளக்கின் பக்கம் அகன்ற வளைவுகளையும், போகப் போகக் குறுகிய வளைவுகளையும் அமைக்கும். தேவைப்பட்ட இடங்களில் இழையின் மேலுறையை உப்புத்தாளால் மெல்ல உரசி, ஒளி கசியும் மடைகளைத் தானே திறந்துவிடும். நீண்ட வேலையானால் இரு முனைகளிலும் விளக்கு வைப்பதும் உண்டு. வளைவு, உரசல், நீளம் ஆகிய மூன்றையும் மனத்தில் கொண்டு, பின்னத் தொடங்கும் முன்பே எந்தப் பூ எவ்வளவு ஒளிரும் என்று திட்டமிடுவதே இக்கலையின் உயிர்நாடி. கை பழகிய ரேந்தைக்காரரும் இதனைப் புதிதாகவே கற்க வேண்டும்.

தமிழில் இழை என்னும் சொல்லுக்கு நூல் என்ற பொருளும் உண்டு, அணிகலன் என்ற பொருளும் உண்டு. ஆயிழை, சேயிழை என்று பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொற்களில் இழை என்பது அணிகலனே. ஒளியிழை என்று விஞ்ஞானத்தார் ஆக்கிய புதுச்சொல், ரேந்தையைப் பொறுத்தவரை அவ்விரண்டு பொருளுக்கும் ஏற்றதாகவே அமைந்துவிட்டது.

இனி, உழைப்பவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். நாகர்கோவிலில் ரேந்தை கற்ற சிறுமியருள் அடிமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, ரேந்தை பின்னி ஈட்டிய கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. ஒரு கைத்தொழில் ஒருவருக்குச் செய்யக்கூடிய நன்மைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே தொழில் வேறு விதமாகவும் நடந்துள்ளது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபூரில், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா லேஸ் வேலை நெடுங்காலமாகப் பல்லாயிரம் வீடுகளில் நடைபெற்று வருகின்றது. ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்குத் தங்கி ஆராய்ந்து, 1982-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நாளெல்லாம் பின்னும் பெண்களைத் தொழிலாளர் என்று எவரும் எண்ணவில்லை என்பதும், வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றே கணக்கு எழுதப்பட்டது என்பதும், அதனால் கூலி மிகக் குறைந்து, ஏற்றுமதி வணிகரின் இலாபம் பெருகியது என்பதும் அந்நூலின் முடிவுகள். வெளிநாட்டு மேசைகளை அழகு செய்த அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. முன்னே சொன்ன வாய்க்கால் கணக்கை இங்கும் நினைவுகூரலாம். பணம் ஓடும் வாய்க்காலில் பின்னுபவர் கடைமடையில் இருத்தப்பட்டார்.

நாகர்கோவிலிலும் நரசாபூரிலும் கைத்திறன் இருந்தது. வேற்றுமை, கூலி யார் கையில் சேர்ந்தது என்பதில்தான். ஒளி ரேந்தையைக் கற்க விரும்புவோர், சிறப்பாகச் சுரங்கம் மூடியபின் வேலை தேடி அதிகாலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்பும் குடும்பங்கள் நிறைந்த தங்கவயல் போன்ற ஊர்களில் உள்ளோர், இவ்வேற்றுமையை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இதில் இழையின் விலை அற்பம். விளக்கின் விலையும் அற்பம். பொருளின் மதிப்பு முழுவதும் கைக்கும் கணக்குக்கும் உரியது. ஆதலால் ஒரு சாண் பின்ன எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை நாள்தோறும் எழுதி வைத்து, அந்த நேரத்துக்கு உரிய கூலியை விலையில் முதலாவதாகச் சேர்த்தல் வேண்டும். தனித்தனியே தரகரிடம் கொடுப்பதைவிடப் பத்துப் பேர் கூடிச் சங்கமாக விற்றல் நலம். வேலையின் மூலையில் பின்னியவரின் அடையாளம் ஒன்று இருத்தல் வேண்டும்.

தங்கவயலின் மண்ணுக்கடியில் வேலை செய்த முன்னோர் வெட்டியெடுத்த பொன், பிறர் வீட்டுப் பெட்டிகளைச் சென்று சேர்ந்தது. வெட்டியவர்க்கு எஞ்சியவை பல இடங்களில் சிலிகோசிஸ் என்னும் மார்பு நோயும், சயனைடு கலந்த மண்மேடுகளுமே. புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கும்போது அந்தப் பழைய கணக்கு மீண்டும் எழுதப்படாமல் பார்த்துக்கொள்வது தொடங்குபவர் கையில் இருக்கின்றது. ஒளியிழையில் எந்த வளைவில் எவ்வளவு ஒளி வெளிப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவர் பின்னுபவரே. அவ்வேலையின் ஊதியத்தையும் அவரே தீர்மானிக்கும் நிலை ஏற்படுமானால், இக்கலையைக் கற்பதற்குச் செலவிடும் காலம் வீண் போகாது.